மெலினா மெர்கூரியா, ஐரீன் பாப்பாஸா?

கிரேக்க நடிப்பைப் பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் இந்த இருவரில் யாரிடம் போகலாம்? இருவரும் ஏதென்ஸ் தேசிய நாடக அரங்கின் நடிப்புப் பள்ளியில் படித்தவர்கள். இருவரையும் இயக்கியவர் மைக்கேல் ககோயானிஸ். ஒற்றுமை அவ்வளவுதான்.

மெலினாவின் தாத்தா ஏதென்ஸ் மேயர். 1949-இல் நாடக இயக்குநர் கரோலோஸ் கூனின் மேடையில், ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தின் நாயகி பிளான்ச் பாத்திரத்தில் நடித்து மெலினா பெயர் வாங்கினார். சினிமாவுக்கு வந்தது 1955-இல், ‘ஸ்டெல்லா’ மூலம். அதன் கடைசிக் காட்சியைப் பாருங்கள்: கத்தியோடு நிற்கும் காதலனை நோக்கி, ஓடாமல், கெஞ்சாமல் நடந்து போகிறார். 1960-இல் கான் திரைப்பட விழாவின் சிறந்த நடிகை விருது. அப்புறம் கிரேக்க ராணுவ ஆட்சி அவர் குடியுரிமையைப் பறித்தது. 1981-இல் பண்பாட்டு அமைச்சரானார்.

ஐரீன் கொரிந்து பக்கத்துக் கிராமத்துப் பெண். பள்ளியில் சொல்லிக்கொடுத்த சம்பிரதாயமான, இழுத்து வசனம் பேசும் பாணி அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் பெயர் வாங்கித் தந்தது என்னவோ பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்கள்தான்! அப்படியொரு நாடகத்தைப் படமாக்கிய 1962-இன் ‘எலெக்ட்ரா’வில் தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொள்ளும்போது பெரிதாக வசனம் ஏதும் இல்லை, கேமரா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. 1973-இல் நியூயார்க் மேடையில் இன்னொரு துன்பியல் நாயகியான மெடியாவாகவும் நடித்தார்.

மெலினாவிடம் குரலும் சிரிப்பும். ஐரீனிடம் புருவமும் மௌனமும். அரசியலையும் சேர்த்துப் பார்த்தால் மெலினாவின் வாழ்க்கைதான் சுவாரசியம். சரி, நடிப்பு மட்டும் போதும் என்றால் என் ஓட்டு ஐரீனுக்கு. ‘எலெக்ட்ரா’வில் தொடங்குங்கள், அவர் நடித்த இன்னொரு படமான ‘ஸோர்பா’ அப்புறம் பார்க்கலாம். அதில் அவருக்குக் காட்சிகள் கொஞ்சம்தான்.