தீயணைப்பு வண்டி: தனிச் சேசிஸா, லாரிச் சேசிஸா?

தீயணைப்பு வண்டி வாங்க மூன்று வழிகள் உண்டு. தயாரிப்பாளர் ஏற்கெனவே கட்டிமுடித்து விற்பனைக்கு நிறுத்தியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. சந்தையில் கிடைக்கும் லாரிச் சேசிஸை, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டத்தை, வாங்கி, அதன்மேல் தொட்டி, பம்பு, பெட்டிகள் எல்லாவற்றையும் நம் தேவைக்கேற்பக் கட்டச் சொல்வது இரண்டாவது. சேசிஸ், கேபின் முதற்கொண்டு தீயணைப்புக்கென்றே உருவான வண்டியை, அதாவது தனிச் சேசிஸ் வண்டியை, ஆர்டர் செய்வது மூன்றாவது. இந்த மூன்றாவதன்மேல்தான் எல்லோருக்கும் ஒரு கண். பளபளக்கும் முகப்பும் அகன்ற கண்ணாடியும் யாரைத்தான் மயக்காது? ஆனால் பெரும்பாலான நிலையங்களுக்கு இரண்டாவதே போதும் என்பது என் கட்சி.

முதல் வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். விபத்தில் வண்டி போய்விட்டது, உடனே வேறொன்று வேண்டும் என்றால் தயாராக நிற்பதை வாங்குவதில் தவறே இல்லை. காத்திருப்பு மிச்சம், வாங்குமுன் ஏறி இறங்கிப் பார்த்தும்விடலாம். பெட்டிகளின் அமைப்பு வேறொருவர் யோசனைப்படி இருக்கும், அவ்வளவுதான். நிலையத்தின் வாசல் உயரத்தையும் நம்மிடமுள்ள குழாய் இணைப்புகளின் வகையையும் ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். வட அமெரிக்கப் பெருநகரங்கள் தனிச் சேசிஸ் பக்கம் சாய்பவை. நியூயார்க் தீயணைப்புத் துறையின் பம்பு வண்டிகளில் பல, தீயணைப்பு வண்டிகளையே தொழிலாகக் கொண்ட சீக்ரேவ் நிறுவனத்தின் தனிச் சேசிஸில் வந்தவை. ஐரோப்பாவிலோ ஸ்கேனியா, மெர்சிடிஸ், மான், வால்வோ லாரிகளின் சேசிஸ்தான் பெரும்பாலும். பழைய நகரங்களின் குறுகிய தெருக்களில் அவை நன்றாகவே ஓடுகின்றன.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் லாரியின் மூக்கு. அமெரிக்க லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் கேபினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் நான்கு கதவுக் கேபினையும் பம்பையும் தொட்டியையும் வரிசையாக வைத்தால் வண்டி நீண்டுவிடும், தெருமுனையில் ஒரே மூச்சில் திரும்பாது. தனிச் சேசிஸில் ஓட்டுநர் முன் அச்சுக்கு முன்னால் போய்விடுகிறார், எஞ்சின் கேபினுக்கு அடியில் ஒதுங்குகிறது, நீளம் மிச்சமாகிறது. ஐரோப்பிய லாரிகளுக்குப் பிறவியிலேயே அந்த அமைப்புதான். எனவே மட்டமுகப்பு லாரி தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் தனிச் சேசிஸின் முதல் வாதமே பாதி கரைந்துவிடுகிறது.

கேபினைப் பொறுத்தவரை தனிச் சேசிஸுக்கே வெற்றி, மறுக்க முடியாது. தாழ்ந்த தரை, அகன்ற படி, சுவாசக் கருவியை முதுகில் மாட்டியபடியே எழ வசதியான இருக்கை, முழுப் பாதுகாப்பு உடையில் ஆறு பேர் தோள் இடிக்காமல் உட்காரும் இடம். ஆனால் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே எஞ்சின் மூடி திண்ணைபோல் எழுந்து நிற்பதையும், அதன் சூட்டையும் இரைச்சலையும் எந்த விளம்பரப் படமும் காட்டுவதில்லை. பழுதுபார்ப்பு என்று வந்தால் லாரிக்குத்தான் யோகம். அதன் பிரேக் வால்வு போனால் பக்கத்து லாரிப் பணிமனையில் ஆளும் கிடைப்பார், உதிரிபாகமும் கிடைக்கும். தனிச் சேசிஸிலும் எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகியவை கம்மின்ஸ், அலிசன் போன்ற பொதுச் சந்தைப் பெயர்களாகவே பெரும்பாலும் இருப்பதால் அங்கே சிக்கல் குறைவு. முன்கண்ணாடி, கதவு, ஒயரிங் போன்றவைதான் கட்டியவரையே நம்பி நிற்கும்.

அடுத்தது பம்பு. நடுவில் வைக்கும் பம்பு பெரும்பாலும் சக்கரத்துக்குப் போகும் விசையையே தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். எஞ்சினின் முழு வலுவும் கிடைக்கும், ஆனால் வண்டி நின்றாக வேண்டும். கியர்பாக்ஸின் பக்கவாட்டு இணைப்பிலிருந்து விசை எடுக்கும் பம்பாக இருந்தால் வண்டி நகர்ந்துகொண்டே தண்ணீர் அடிக்கலாம். புல்வெளித் தீக்கு அதுதான் சரி. பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைப் பக்கவாட்டில் வைத்தால் வண்டி குட்டையாகும், ஆனால் இயக்குபவர் போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி, அழுத்தமேறிய குழாய்களுக்கு நடுவே நிற்பார். வண்டியின் மறுபுறம் அவருக்குத் தெரியாது. மேல்தளத்தில் வைத்தால் இருபுறமும் தெரியும், நீளம் கூடும். பின்புறம் வைப்பது ஐரோப்பிய வழக்கம்.

லாரிச் சேசிஸால் மிச்சமாகும் பணத்தைக் கைபடும் இடங்களில் கொட்டச் சொல்வேன். குழாய் அடுக்கும் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெஞ்சுயரத்தில் இருந்தால் வீரர் தரையில் நின்றபடியே நாசிலை (குழாயின் முனையை) பிடித்து, முதல் மடிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். தலைக்கு மேலே இருந்தால் ஈரமான படியில் ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறுகையால் இழுக்க வேண்டும். தட்டு உயரக் காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும் தொட்டி. 2,000 லிட்டரை 4,000 ஆக்கினால் தண்ணீர் மட்டுமே இரண்டு டன் கூடுகிறது, தட்டும் மேலே போகிறது. தெருவெங்கும் தீயணைப்பு நீர்க்குழாய் இருக்கும் நகரத்தில் இது வீண்சுமை. இல்லாத இடத்தில் அதுவே உயிர்நாடி. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் தரமான என்எஃப்பிஏ 1901 (இப்போது என்எஃப்பிஏ 1900 என்ற தரத்துக்குள் சேர்ந்துவிட்டது) பம்பு வண்டிக்குக் கேட்ட குறைந்தபட்சத் தொட்டி 300 கேலன், அதாவது சுமார் 1,100 லிட்டர்தான். அதற்குமேல் எவ்வளவு என்பதை அந்தந்த நிலையம்தான் தீர்மானிக்க வேண்டும்.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும் நாளில் வர்ணத்தைத் தடவிப் பார்ப்பவர்களே அதிகம். பம்பைப் பாருங்கள். அமெரிக்க முறைப்படி, குறிப்பிட்ட கொள்ளளவு முழுவதையும் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் தர வேண்டும். 200 பவுண்டில் 70 சதவீதம், 250 பவுண்டில் 50 சதவீதம். ஐரோப்பிய முறையில் எஃப்பிஎன் 10-2000 என்ற பம்பின் குறியே, 10 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் என்று சொல்லிவிடுகிறது. பிறகு தொட்டியை நிரப்பி, ஏணியும் கருவிகளும் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து எடைமேடையில் நிறுத்துங்கள். மொத்த எடை மட்டும் போதாது, ஒவ்வோர் அச்சின் மேலும் தனித்தனியாக எவ்வளவு விழுகிறது என்பது வேண்டும். அச்சின் வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வண்டியில் நாளை ஒரு மீட்புக் கருவிகூடக் கூடுதலாக ஏற்ற முடியாது.

நான் ஆதரிக்கும் வழியின் பெரிய குறை வண்டி வந்த பிறகுதான் தலைகாட்டும். தனிச் சேசிஸில் கேபினும், தொட்டியும் பெட்டிகளும் அடங்கிய வண்டியின் உடலும் ஒரே நிறுவனத்திடமிருந்து வருமானால், எது பழுதானாலும் ஒரே வாசலில் போய் நிற்கலாம். லாரிச் சேசிஸில் மின்கோளாறு வந்தால் சேசிஸ்காரர் உடல் கட்டியவரைக் கைகாட்டுவார், அவர் சேசிஸ்காரரைக் கைகாட்டுவார். அதனால் உத்தரவாதக் காலம் முழுவதும் எந்தப் புகாரையும் உடல் கட்டுபவரே ஏற்றுத் தீர்க்க வேண்டும், செலவை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனம் விலையை எவ்வளவு குறைத்தாலும் அடுத்தவரைப் பார்க்கலாம்.