டாக்எக்ஸ் கோப்பை யார் திறப்பது: வேர்டா, லிப்ரே ஆபிஸா?

கல்லடியில் தட்டச்சு வேலை எடுக்கும் கடையொன்றின் கணினியில் மைக்ரோசாஃப்ட் வேர்டு, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் இரண்டும் இருந்தால், டாக்எக்ஸ் (.docx) கோப்பை இருமுறை சொடுக்கும்போது எது திறக்க வேண்டும்? என் வாக்கு வேர்டுக்கு. வாடிக்கையாளர் கொண்டுவரும் விண்ணப்பம் பெரும்பாலும் அதில் தயாரானது. லிப்ரே ஆபிஸின் ஆவணச் செயலியான ரைட்டரில் திறந்தால் அட்டவணைக் கோடு சற்று நகர்ந்து, கையொப்பமிடும் இடம் மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடலாம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கடிதம் வேறு கதை: அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் இரண்டிலும் ஆங்கில எழுத்துக் குவியல்தான், பழியை மென்பொருள் மேல் போடாதீர்கள்.

ஓடிடி (.odt) ஆவணக் கோப்பை ரைட்டருக்கே விடுங்கள். 2006இல் ஐஎஸ்ஓ தரமான அந்த வடிவம்தான் அதன் தாய்வீடு.

வேர்டின் சந்தா முடிந்தால் கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது. அப்போது விண்டோஸ் 11இல் கோப்பின் மேல் வலச்சொடுக்கி, திறக்கும் செயலியாக ரைட்டரைத் தேர்ந்து ‘எப்போதும்’ என்று கொடுங்கள். பழைய டாக் (.doc) கோப்புக்கு இதைத் தனியாகச் செய்ய வேண்டும்.