ஒரு வீடு, இரண்டு கார், மூன்று எண்ணெய்: பதினொரு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பாவின் 2009 டொயோட்டா இன்னோவா டீசல். இன்னொன்று, 2013இல் 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில் நான் வாங்கிய 2006 ஹோண்டா அக்கார்டு 2.4, ஆட்டோமேட்டிக் கியர். 2024இல் இதை எழுதும்போது மீட்டர் 1,64,000ஐத் தாண்டியிருக்கிறது. பொள்ளாச்சிவாசிகள் நாங்கள். ஆழியாறு தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டீயரிங் எண்ணெய் நன்றாக இருக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டாம். அந்தச் சாலையே சொல்லிவிடும்.

இன்னோவாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதன் பவர் ஸ்டீயரிங்குக்கு, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை இலகுவாகத் திருப்ப உதவும் அமைப்புக்கு, டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) போதும். கியரை நாமே மாற்றும் வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் எதற்கு என்று அப்பா முதலில் சந்தேகப்பட்டார். கையேட்டைக் காட்டிய பிறகே நம்பினார். அன்றிலிருந்து சிவப்பு நிற டெக்ஸ்ரான் 3 பாட்டில் ஒன்று எங்கள் அலமாரியில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஸ்டீயரிங் எண்ணெயைத் தள்ளும் பம்ப் இன்றுவரை முனகியதில்லை.

தொல்லை முழுவதும் என் அக்கார்டில்தான். 2015இல் பிரேக் பேட் மாற்ற ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். வண்டியை எடுக்கப் போனபோது, “ஸ்டீயரிங் ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டோம் சார். அதற்குக் காசு வேண்டாம்” என்றார்கள். எனக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து, காலையில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் கொசு காதருகே பாடுவதுபோல ஓர் இழுவைச் சத்தம். ஸ்டீயரிங் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். இளமஞ்சளாக இருக்க வேண்டிய எண்ணெய், ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்திருந்தது.

மூடியிலேயே ஹோண்டா பவர் ஸ்டீயரிங் எண்ணெய் என்று எழுதியிருக்கிறது. கையேடு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: அவசரத்துக்கு வேறு எண்ணெய் ஊற்றலாம், ஆனால் கூடிய விரைவில் கழுவி எடுத்து ஹோண்டா எண்ணெயையே நிரப்ப வேண்டும். பட்டறையில் கேட்டபோது, “எல்லாக் காருக்கும் இதுதான் ஊற்றுகிறோம்” என்ற பதில் வந்தது. அவர்களைச் சொல்லியும் முழுக் குற்றமில்லை. அவர்கள் கையில் வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னோவா வழியில் ஏ.டி.எஃப். கேட்பவைதான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் அழுத்தத்தைக் கடத்த வேண்டும், பல்சக்கரங்களைக் காக்க வேண்டும், சூட்டை வெளியேற்ற வேண்டும். அதற்கும் மேலாக, கிளச் தகடுகள் அளவோடு வழுக்கி, அளவோடு பற்றிக்கொள்ளவும் துணை செய்ய வேண்டும். ஸ்டீயரிங்கில் கிளச் கிடையாது. பம்ப், வால்வு, ரப்பர் சீல்கள், அவ்வளவுதான். ஆகவே பல நிறுவனங்கள் கையில் இருந்த ஏ.டி.எஃப். போதும் என்று விட்டுவிட்டன. ஹோண்டா தன் சீல்களுக்கும் பம்புக்கும் ஏற்றபடி தனி எண்ணெய் வைத்துக்கொண்டது.

சிவப்பு நிறத்துக்கும் பொருத்தத்துக்கும் எந்த உறவும் இல்லை. அது வெறும் சாயம். வண்டிக்கு அடியில் சொட்டினால் இன்ஜின் ஆயிலா, கியர் எண்ணெயா என்று பிரித்தறியத்தான் சேர்க்கிறார்கள். டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வகைப்பெயர். அந்தக் காலத்து ஏ.டி.எஃப்.களில் திமிங்கல எண்ணெய்கூடச் சேர்த்தார்களாம் என்று அப்பாவிடம் சொன்னேன். சுத்த சைவமான அவர் பாட்டிலைச் சற்றுத் தள்ளி வைத்தார். 2006 இறுதியோடு டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திவிட்டது. இப்போது கடையில் கிடைக்கும் ‘டெக்ஸ்ரான் 3க்கு ஏற்றது’ என்ற வரி, எண்ணெய் தயாரிப்பவரின் சொந்த வாக்குறுதி மட்டுமே. நல்ல பெயருள்ள தயாரிப்பாளர் என்றால் நம்பி வாங்குகிறேன்.

சரி, அந்த ரோஸ்மில்க்கை எப்படி வெளியேற்றினேன்? சென்னைக்குப் போனபோது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மூன்று பாட்டில் ஹோண்டா ஸ்டீயரிங் எண்ணெய் வாங்கி வந்தேன். மருந்துக்கடையில் ஒரு பெரிய சிரிஞ்சு. தொட்டியில் இருப்பதை உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புவது. கோடியில் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, பம்ப் சூடாகிவிடும். இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடி இதே வேலை. ஆறாவது முறை எண்ணெய் இளமஞ்சளுக்குத் திரும்பியது. எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரே மூச்சில் வெளியேற்றும் முறையும் உண்டு. என் போன்ற வீட்டு மெக்கானிக்குக்குச் சிரிஞ்சுதான் பாதுகாப்பு.

சத்தம் பாதியாகக் குறைந்தது. முழுவதும் நிற்கவில்லை. ஒரு வருடம் அந்தப் பட்டறையையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பெரியவர், நாற்பது வருடமாக ஸ்பேனர் பிடித்தவர், பம்புக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில் இருந்த ஓ-ரிங்கை, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, கழற்றிக் காட்டினார். சப்பையாகி, பிளாஸ்டிக் வளையல்போல இறுகிக் கிடந்தது. அந்த வழியாகக் காற்று உள்ளே போனதால்தான் நுரை. புது ஓ-ரிங் போட்டதும் கொசு பறந்துவிட்டது. தவறான எண்ணெயால்தான் அது இறுகியதா, வயதாலா என்று கேட்டேன். “ரப்பருக்கும் வயசாகும் தம்பி” என்று முடித்துக்கொண்டார். என் கோபத்தில் பாதியை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

கியர் பெட்டியின் கதை வேறு. இந்த அக்கார்டின் கியர் பெட்டிக்கு முதலில் சொல்லப்பட்டது ஹோண்டா இசட்-1 என்ற ஏ.டி.எஃப். பின்னாளில் அதை நீக்கிவிட்டு டி.டபிள்யூ-1 கொண்டுவந்தார்கள், பழைய வண்டிகளுக்கும் அதையே ஊற்றலாம் என்று ஹோண்டாவே சொல்லிவிட்டதால் இதில் குழப்பமில்லை. நான் வாங்கியபோது இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகையில் லேசான நடுக்கம். அடியில் உள்ள போல்ட்டைத் திறந்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான் வடியும். மொத்தமோ ஆறரை லிட்டர் அளவு. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் தங்கிவிடும். எனவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து நிரப்பினேன். கணக்குப் போட்டால் முக்கால் பங்குக்கு மேல் புது எண்ணெய். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் கரிய பசைபோல இரும்புத்தூள். துகள் துகளாக இல்லாததால் நிம்மதி. நடுக்கம் மூன்றாவது முறைக்குப் பிறகு போய்விட்டது. இயந்திரம் வைத்து அழுத்திக் கழுவித் தருகிறோம் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். இயந்திரத்துக்குள் என்ன எண்ணெய் இருக்கிறது என்று கேட்டேன். சரியான பதில் இல்லாததால் திரும்பி வந்துவிட்டேன்.

அளவு பார்ப்பதிலும் ஒரு சிக்கல். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது டிப்ஸ்டிக்கை, அதாவது எண்ணெய் அளவு காட்டும் கம்பியை, பார்க்க வேண்டும். என் அக்கார்டில் வண்டி சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இது தெரியாமல் முதல் வருடம் அரை லிட்டர் அதிகமாக ஊற்றி, பிறகு வடித்தேன்.

சி.வி.டி. கியர் (பல்சக்கரப் படிகளுக்குப் பதிலாகப் பட்டையும் கப்பியும் கொண்ட ஆட்டோமேட்டிக்) வைத்திருக்கும் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் பெட்டியில் எஃகுப் பட்டை, கப்பியை வழுக்காமல் பற்ற வேண்டும். அதற்கென்று உள்ள எண்ணெய்க்குப் பதிலாகச் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெட்டியே போகும்.

இப்போது அலமாரியில் மூன்று பாட்டில்கள், அம்மாவின் நகச்சாயத்தில் எழுதிய பெயர்களோடு நிற்கின்றன. கடந்த மாதம் நான்காவதாக ஒன்று சேர்ந்தது. பக்கத்து வீட்டு மாமா தம் புதுக் காருக்கென்று ‘எல்லா வாகனங்களுக்கும் ஏற்றது’ என்று எழுதிய ஸ்டீயரிங் எண்ணெய் ஒன்றை வாங்கி வந்து, தொட்டியைத் தேடி அரை மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். அவருடைய காரில் இருப்பது மின்சார ஸ்டீயரிங். தொட்டியும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. “நீயாவது வைத்துக்கொள்” என்று என்னிடம் கொடுத்துவிட்டார். எங்கள் இரண்டு வண்டிக்கும் அது வேண்டாம். சீல் உடைக்காமல் அப்படியே இருக்கிறது.