மொராக்கோ சுறாப் பல்லும் மூங்கில் குச்சியும்: வீட்டில் புதைபடிவம் சுத்தம் செய்த அனுபவம்

சில ஆண்டுகளாகச் சென்னையில் என் வீட்டு மேசையிலேயே புதைபடிவப் பற்களைச் சுத்தம் செய்துவருகிறேன். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு வாங்கிய கருவிகளில் பாதி இப்போது அலமாரியில் தூங்குகின்றன. எது நிலைத்தது, எது வீண் செலவு என்று சொன்னால், புதிதாக இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சும்.

பழகுவதற்கு நல்லது, மொராக்கோவின் கூரிப்கா பகுதியிலிருந்து வரும் ஓட்டோடஸ் ஒப்லிகஸ் என்ற அழிந்துபோன சுறாவின் பல். அங்கே உரத்துக்காகப் பாஸ்பேட் வெட்டி எடுக்கிறார்கள். கூடவே பற்களும் ஏராளமாக வருவதால் விலை மலிவு. சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான பொருளை ஒரு நல்ல சட்டையின் விலைக்கு வாங்கலாம் என்பதை என் வீட்டார் இன்னும் நம்பவில்லை. பல்லோடு ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் பாறை அல்ல, நகம் பட்டாலே உதிர்கிற வெளிர்மஞ்சள் மணல்தான்.

எஃகு ஊசிகளும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கொக்கிகளும் அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினேன். இன்று அதைத் திறப்பதே அபூர்வம். பல்லின் மேற்பூச்சு அபடைட் வகைக் கனிமம். கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 5. எஃகு ஊசி அதைவிடச் சற்றுக் கடினம், டங்ஸ்டன் கார்பைடு முனை மிகக் கடினம். கை கொஞ்சம் வழுக்கினாலும் பளபளப்பின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும், பிறகு அதைப் போக்க வழியில்லை. மூங்கில் குச்சியால் அந்தக் கோட்டைப் போட முடியாது. முனை மழுங்கினால் பிளேடால் சீவிக்கொள்ளலாம்.

வேலை இப்படி நடக்கும். மணல் நிரப்பிய சிறு துணிப்பையில் பல்லை அழுத்தி வைக்கிறேன். மெல்லிய தூரிகையால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். மணல் நிறம் மாறித் தளர்ந்ததும், குச்சியைப் பல்லை நோக்கி அல்லாமல் பல்லிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுகிறேன். கேமரா லென்ஸில் தூசு ஊதும் ரப்பர் பந்தால் ஒருமுறை ஊதினால், பல்லின் முடிக்கும் (வெளியே தெரியும் கூரிய பகுதி) வேருக்கும் இடையே ஓடும் மங்கலான பட்டை தெரியத் தொடங்கும். அங்கிருந்து வேகத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும். முடி வழவழப்பாக, உறுதியாக இருக்கும். வேர் நுண்துளைகள் நிறைந்தது, தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயும்போது விரிசல் விடும். ஆகவே ஊறவைக்கும் பேச்சே வேண்டாம். இருபுறமும் நிற்கும் குட்டிக் கூர்களும் அப்படித்தான், பல நேரம் அவற்றைத் தாங்கி நிறுத்தியிருப்பதே மணல்தான்.

மணலுக்குள் பல் எப்படிப் படுத்திருக்கிறது என்று ஊகிக்க, இன்றைய சுறாவின் பல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வெளிமுகம் ஏறக்குறையத் தட்டை, உள்முகம் உப்பல், வேரும் அந்த உள்பக்கம்தான் புடைக்கும். 1666-இல் ஃபுளோரன்ஸில் ஸ்டெனோ என்ற டேனிஷ் அறிஞர் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தபோது, ‘நாக்குக் கற்கள்’ என்று அதுவரை வழங்கிவந்தவை சுறாப் பற்களே என்று கண்டது இதே ஒப்பீட்டால்தான். நமக்கோ சுறாப் புட்டுக்கு மீன் வாங்கும் இடத்திலேயே கேட்டுப்பார்க்கலாம்.

வாங்கியவற்றில் என் முழு மதிப்பெண் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினுக்கு. அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவதும் இதுதான். நூறு மில்லி அசிட்டோன் என்ற கரைப்பானில் ஐந்து கிராம் கரைத்தால் வேருக்குள் ஊறி உறுதியூட்டும். கெட்டியாகக் கரைத்தால் உடைந்த துண்டை ஒட்டும். ஒட்டியது கோணலாகிவிட்டால் அசிட்டோன் தடவிப் பிரித்துவிடலாம். நொடியில் ஒட்டும் பசைகளை அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியாது.

ஆனால் நம் ஊர் வானிலைக்கு பாரலாய்டிடம் இரண்டு குறைகள். மழைக்காலத்தில் அசிட்டோன் சட்டென ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் படிந்து வெண்மூட்டம் போடும். வறண்ட நாளில் அசிட்டோனைத் தூரிகையால் மெல்லத் தடவினால் அது போய்விடும். இரண்டாவது, இந்தப் பிசின் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். மே மாதத்தில் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் ஒட்டிய மூட்டு நகரும். நகப்பூச்சு நீக்கி அசிட்டோனுக்கு மாற்று ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அடுப்பிருக்கும் அறையில் பாட்டிலைத் திறக்கவும் கூடாது.

வினிகரில் போட்டால் கல் கரைந்துவிடும் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். பல்லும் கால்சியம் பாஸ்பேட்தானே, அமிலம் அதை மட்டும் விட்டுவைக்குமா? அமில முறை ஆய்வகங்களில் உண்டு. அங்கே நீர்த்த அமிலம், இடையிடையே பிசின் பூச்சு, நீண்ட அலசல் என்று ஆயிரம் பக்குவம் பார்க்கிறார்கள்.

அசிட்டோன் இன்னொரு உதவியும் செய்தது. தாடைத் துண்டோடு வந்த மோசசார் (அழிந்துபோன கடல் ஊர்வன) பல் ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தேன். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டுத் ‘தாடை’யில் தேய்த்ததும் அது பிசுபிசுவென்று குழைந்தது. பசையில் மணலைக் குழைத்துச் செய்த ஜோடனை! பல் மட்டும் அசல். மொராக்கோ மோசசார் தாடைகளில் இந்த வித்தை சகஜம்.

தூசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. இந்தப் பாஸ்பேட்டில் யுரேனியமும் சிறிதளவு உண்டு, ஆகவே என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் மேசையைத் துடைப்பதே வழக்கமாக இருக்கட்டும்.

அழுத்தக் காற்றால் அதிரும் ஊசிமுனை கொண்ட காற்றழுத்தப் பேனா வாங்கலாமா என்றால், கூரிப்கா மணலுக்கு வேண்டியதில்லை. அது கெட்டிச் சுண்ணாம்புக்கல்லுக்கானது, கம்ப்ரசர் சத்தத்தை அடுக்ககத்தில் யாரும் பொறுக்கவும் மாட்டார்கள். அந்தப் பணத்தில் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியும் நல்ல மேசை விளக்கும் வாங்குங்கள். மீதிக்குப் பற்கள் வாங்கும்போது, சுத்தம் செய்யாததாகவே கேளுங்கள், விலையும் குறையும்.