அப்பாவின் பெயரில் ஒரு கார்: புகார் கொடுப்பதா, விட்டுவிடுவதா?

அப்பா இறந்த ஆண்டு என்பதால் எங்கள் வீட்டில் 2025ஆம் ஆண்டுப் பொங்கல் இல்லை. ஆனாலும் அம்மாவைத் தனியே விட மனமின்றி, லண்டனில் விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போயிருந்தேன். ஜனவரி 18ஆம் தேதி சனிக்கிழமை காலை வாசல் தெளிக்கப் போன அம்மா உள்ளே திரும்பி வந்து, காரை யாராவது எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்களா என்று கேட்டார். முதல் நாள் இரவு ஸ்ரீரங்கத்தில் உறவினரைப் பார்த்துவிட்டு வந்து, வேப்ப மரத்தடியில் நான்தான் அதை நிறுத்தியிருந்தேன். அங்கே எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. போனது 2014ஆம் ஆண்டு வாங்கிய வேகன் ஆர். விற்றால் பெரிய தொகை தேறாது. அப்பா கடைசிவரை தாமே துடைத்து வைத்த வண்டி என்பதுதான் அதன் மதிப்பு.

இங்கிலாந்தில் இது ஒரு கேள்வியாகவே எழாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கார் களவு போனபோது அவர் காவல்துறையின் 101 என்ற எண்ணுக்குப் பேசி, ஒரு குற்றப் பதிவு எண்ணைப் பெற்று, அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு அலுவலகம் போய்விட்டார். அதற்கு மேல் எந்தக் காவலரும் அவர் வீட்டுப் படி ஏறவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அன்று காலை ஆறரை மணிக்குத் தொடங்கிய விவாதம் ஒன்பது மணிவரை நீண்டது.

புகார் வேண்டாம் என்றவர் மாமா. அம்மாவின் தம்பியான அவர், வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், ஆகவே அரசு அலுவலகங்களைப் பற்றி அவருக்குக் கற்பனை எதுவும் கிடையாது. "மாப்பிள்ளை, பத்து வருசத்து வண்டி. நீ 27ஆம் தேதி விமானம் ஏறிவிடுவாய். அதன் பிறகு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அக்காதான் அலைய வேண்டும்" என்றார். அவர் சொன்ன மற்றொரு காரணம்தான் என்னை உண்மையில் தயங்க வைத்தது. ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பா பெயரில் இருந்தது. அப்பா தவறியது 2024 நவம்பர் 2ஆம் தேதி, தீபாவளி கழிந்த இரண்டாம் நாள். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், அப்படித் தெரிவித்தவர் மட்டுமே மூன்று மாதம்வரை வண்டியைப் பயன்படுத்தலாம் என்பதும், அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பதும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளன. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், மின் இணைப்பு என்று எல்லாவற்றுக்கும் ஓடிய நாங்கள் வாசலில் நின்ற காரை மறந்துவிட்டோம். செத்தவர் பெயரில் வண்டி, காலாவதியான பாலிசி, இதைக் கொண்டுபோய் நாமே போலீஸ் மேசையில் விரித்து வைக்க வேண்டுமா என்பது மாமாவின் கேள்வி.

அவரிடம் நான் சொல்லாத ஒன்றும் இருந்தது. என் இந்திய ஓட்டுநர் உரிமம் என்றோ காலாவதியாகிவிட்டது. இங்கிலாந்து உரிமத்தை வைத்துக்கொண்டு இந்தியாவில் ஓட்ட வேண்டுமானால் 1949ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். அதை லண்டனில் கடைத்தெருக் கடையிலேயே சில நிமிடங்களில் வாங்கிவிடலாம் என்று தெரிந்திருந்தும், பத்து நாள்தானே என்று வாங்காமல் வந்திருந்தேன். உரிமமில்லாமல் ஓட்டுவதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5,000 ரூபாய். கடைசியாக ஓட்டியது யார் என்று காவல் நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது? தங்கையின் கணவர் பெயரைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது உண்மை.

விவாதத்தைத் திருப்பியது அப்பாவின் கைப்பேசி. அம்மா அதை அணைக்கவே இல்லை. ஒவ்வொரு இரவும் மின்னேற்றி, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார், அதற்கு ரீசார்ஜும் செய்துகொண்டிருந்தார். அன்று காலை அதை எடுத்துப் பார்த்த தங்கை சத்தம் போட்டாள். பாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டதாக இரண்டு குறுஞ்செய்திகள் வந்திருந்தன. முதலாவது சமயபுரம் சுங்கச்சாவடியில் அதிகாலை 2.40க்கு, இரண்டாவது பெரம்பலூரைத் தாண்டித் திருமாந்துறையில். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை யாரோ கிழித்திருக்க வேண்டும், அல்லது வண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் நாங்கள் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது எனக்குப் புரிந்தது. கார் திரும்பக் கிடைக்குமா என்பதையே எடைபோட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தக் கார் அந்த நேரத்தில் சென்னைச் சாலையில் எங்கோ, எங்கள் வீட்டு முகவரியைச் சுமந்துகொண்டு, யாரோ ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒருவரை இடித்துவிட்டால் தேடி வருவது அந்தப் பதிவெண்ணின் முகவரிக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் பதிவேட்டில் பெயர் இருப்பவரே என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் வண்டி கைமாறிக் கைமாறி விற்கப்பட்டுவிட்டிருந்தும், பெயர் மாற்றப்படாததால் முதல் உரிமையாளரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கப்பட்டார். களவு போன வண்டியின் நிலை வேறுதான், ஆனால் களவு போனது என்பதை அன்றே எழுதி வைத்திருந்தால்தானே அதைச் சொல்ல முடியும்? கல்லூரித் தோழரான வழக்கறிஞரை எழுப்பிக் கேட்டேன். "காரைப் பிடிப்பதற்கு அல்ல, காரை உங்களிடமிருந்து வெட்டி விடுவதற்குத்தான் எஃப்.ஐ.ஆர்." என்றார்.

மற்ற இரண்டு பயங்களையும் அவரே தீர்த்துவைத்தார். பாலிசி காலாவதியாகிவிட்டது என்ற மாமாவின் கணிப்பு தவறு. காப்பீட்டுதாரர் இறந்தால் மோட்டார் பாலிசி உடனே செயலிழக்காது, இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் தேதி, இவற்றில் எது முந்தியதோ அதுவரை நடப்பில் இருக்கும் என்று பாலிசிப் புத்தகத்தின் நிபந்தனைகளில் உள்ளது. எங்கள் கணக்கில் அது பிப்ரவரி 2. பதினைந்து நாள் மிச்சம் இருந்தது. அந்தப் பொடி எழுத்தை நான் மூன்று முறை படித்தேன். ஓட்டுநர் உரிமம் பற்றிக் கேட்டதற்கு, நிறுத்தி வைத்த வண்டி களவு போனதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும், பொய் சொன்னால் அது தனிக் குற்றம் என்றும் சொல்லிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர் தெருவில் நாலு பேரைக் கேட்டாலே யார் ஓட்டினார் என்று தெரிந்துவிடும் என்றார். நான் ஓட்டினேன் என்றே எழுதினேன்.

புகாரை யார் கொடுப்பது என்பதிலும் யோசனை தேவைப்பட்டது. புகார்தாரர் நான் என்றால், வழக்கு என்றாவது நீதிமன்றத்துக்கு வரும்போது சாட்சிக் கூண்டுக்கு லண்டனிலிருந்து வர வேண்டும். அம்மா சட்டப்படி வாரிசு. வங்கிக்காக எடுத்த வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் கையில் இருந்தன. மேலும், விசாரணைக்காகப் பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்ற பாதுகாப்பு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஆகவே புகார் அம்மா பெயரில், கடைசியாக ஓட்டிய சாட்சியாக நான் என்று முடிவாயிற்று.

காவல் நிலையத்தில் பாதிப் பேர் பொங்கல் பாதுகாப்புப் பணிக்குப் போயிருந்தார்கள். ரைட்டர் மரியாதையாகவே பேசினார். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். மனுவை வாங்கிப் படித்துவிட்டு, சி.எஸ்.ஆர். ரசீது தருவதாகவும், இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்றும் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். சி.எஸ்.ஆர். என்பது மனு பெறப்பட்டது என்பதற்கான ரசீது மட்டுமே. அதில் எண்ணும் முத்திரையும் இருப்பதால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். அதை வைத்துக் காப்பீடு கிடைக்காது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. திருட்டு அத்தகைய குற்றம்தான்.

இதை நான் சொன்னபோது உதவி ஆய்வாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். அவரும் சட்டம் தெரிந்தவர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அது உண்மை. ஆனால் அதற்கு டி.எஸ்.பி. நிலையிலுள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்கிறது. அந்த அனுமதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். சமயபுரம் என்ற பெயரையும் நேரத்தையும் பார்த்தவுடன் அவர் பேச்சே மாறிவிட்டது. சுங்கச்சாவடிக் கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால் வழக்கு எண் வேண்டும் என்று அவரே சொல்லி, கணினிக்கு முன்னால் உட்காரும்படி ரைட்டரிடம் கூறினார். பாஸ்டேக் கணக்கை முடக்கிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இன்னொரு செய்தி வந்தால் நமக்குத்தானே லாபம் என்றார்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான பிரிவு 303(2)இன் கீழ் எஃப்.ஐ.ஆர். பதிவானபோது மணி மதியம் மூன்றரை. நகலை இலவசமாகக் கொடுத்தார்கள். பணம் யாரும் கேட்கவில்லை. ஒரு கட்டு ஏ4 தாள் மட்டும் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தேன், அதைக் கொடுத்தது சரியா என்று இன்னும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கிறது. மாலை ஒரு முதல்நிலைக் காவலர் வீட்டுக்கு வந்து வேப்ப மரத்தடியைப் பார்த்து, எண்ணெய்க் கறையைப் படம் எடுத்து, எதிர்வீட்டுக் கேமராவைக் கேட்டார். அது பொங்கலுக்கு முன்பே பழுது. லண்டனில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து நிமிடத்தில் எண் கிடைத்தது, எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று, ஆனால் மரத்தடியை வந்து பார்க்க இங்கே ஒரு மனிதர் வந்தார் என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்று மாலையே பேசினேன். பாலிசிதாரரிடம்தான் பேசுவோம் என்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் அவரது எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்புகிறோம், அதைச் சொல்லுங்கள் என்றது எதிர்க்குரல். அதுவும் அம்மா அணைக்காமல் வைத்திருந்த கைப்பேசிக்கே வந்தது. எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டிக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் சொல்லியிருந்தாலும், அந்தத் தீர்ப்பை நம்பி நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. அவர்கள் கேட்டவற்றில் சிக்கலானது இரண்டு சாவிகள். வண்டியோடு வந்த இரண்டு சாவியையும் ஒப்படைக்க வேண்டும், ஒன்று இல்லையென்றால் அலட்சியம் என்ற பேச்சு எழும். இரண்டாம் சாவி இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் கிடைத்தது.

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.ஐ.ஆர். நகலோடு கடிதம் கொடுத்து, வேறு யார் பெயருக்கும் வண்டியை மாற்றாதபடி வாகனப் பதிவேட்டில் குறிப்பு ஏற்றக் கேட்டோம். முப்பது நாள் விதி பற்றிச் சாளரத்தில் இருந்தவர் ஒரு வார்த்தை கடிந்துகொண்டார், அதைத் தவிர எதுவும் நடக்கவில்லை. இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றதுதான் மிச்சம். முத்திரையிட்ட நகல் கிடைத்தது.

நான் விமானம் ஏறும்வரை கார் கிடைக்கவில்லை. கண்டுபிடிக்க இயலவில்லை என்ற இறுதி அறிக்கையைக் காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன் நகல் கைக்கு வந்த பிறகே காப்பீட்டு நிறுவனம் மேற்கொண்டு நகரும். அதில் வரக்கூடிய தொகை அதிகபட்சம் பாலிசியில் குறித்த 1,90,000 ரூபாய். அந்த அறிக்கைக்காக மாதம் ஒரு முறை ரைட்டரிடம் பேசும் பொறுப்பை மாமாவே ஏற்றுக்கொண்டார். நான் லண்டனிலிருந்து தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வழக்கு எண்ணைத் தட்டி எஃப்.ஐ.ஆரை மீண்டும் ஒரு முறை இறக்கிப் பார்த்தேன். அம்மா இன்னும் இரவுதோறும் அந்தக் கைப்பேசிக்கு மின்னேற்றுகிறார். சுங்கச்சாவடிச் செய்தி மூன்றாவது ஒன்று வரவில்லை.