வன்னி வகுப்பறையில் மல்டிமீடியா: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

மல்டிமீடியா (படத்தைச் சுவரில் பெரிதாக விழுத்தும் புரொஜெக்டர்) வைத்து விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: 40 நிமிடப் பாடவேளையில் படம் ஓடுவது 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விளக்கம் நடப்பது படம் நிற்கும் நேரத்தில். முழு ஆவணப்படத்தையும் ஓடவிட்டால் பிள்ளைகள் ரசித்துப் பார்ப்பார்கள், ஆனால் அடுத்த நாள் கேட்டால் நிறமும் இசையும்தான் நினைவில் நிற்கும்.

1971 ஓகஸ்டில் அப்பலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்கொட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட்ட துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் 1.32 கிலோகிராம், இறகு 30 கிராம். அவர் கையை நீட்டி நிற்கும்போதே படத்தை நிறுத்திவிட வேண்டும். எது முந்தி விழும், ஏன் என்று எல்லோரும் கொப்பியில் ஒரு வரி எழுதட்டும். வாயால் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். எழுதச் சொன்னால் ஒவ்வொருவரும் தானாக யோசித்தே ஆக வேண்டும்.

இரண்டும் ஒன்றாக விழுந்த பிறகு, 'அங்கே ஈர்ப்பு இல்லை, அதுதான்' என்று பலர் காரணம் சொல்வார்கள். இந்தப் பிழை வெளியே வருவதுதான் இந்தத் துண்டின் பெரிய பலன். ஈர்ப்பு இல்லையென்றால் சுத்தியல் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டுமே என்று கேட்டு, கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் ஆங்கில ஈ (E) விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். உயரம் ஏறத்தாழ 1.6 மீற்றர், ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) செக்கன் வர்க்கத்துக்கு 1.6 மீற்றர் என்று வைத்தால் விழ 1.4 செக்கன் எடுக்கும். பூமியில் அதே உயரத்துக்கு 0.57 செக்கன் போதும். கணக்கைப் பலகையில் போட்ட பிறகு இன்னொரு தடவை ஓடவிடுங்கள். பழைய ஒளிப்பதிவு என்பதால் இறகு மங்கலாகத்தான் இருக்கும். அது எங்கே என்று முன்கூட்டியே தொட்டுக் காட்டாவிட்டால் பின் வாங்கில் இருப்பவர்களுக்குச் சுத்தியல் மட்டும்தான் தெரியும்.

சத்தத்தை அணைத்துவிட்டு ஆசிரியரே பேசுவது நல்லது. மாரியில் தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கர் எடுபடாது. அதோடு இந்தியத் தமிழ்க் காணொளிகளில் முடுக்கம், நிறை என்று வருவதை, ஆர்முடுகல், திணிவு என்று படித்த பிள்ளை வேறு பாடமென்று நினைத்துவிடும்.

கலப்பிரிவுக்கு அசைவூட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) இயற்கையிலேயே சிவப்பும் நீலமுமாக இருப்பதாகவும், எல்லாம் அரை நிமிடத்தில் முடிவதாகவும் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். மனிதக் கலத்தில் இழையுருப்பிரிவுக்கு (மைற்றோசிஸ்) ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்று படத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். படம் முடிந்ததும் இரண்டு நிறக் கம்பளி நூலை நிறமூர்த்தங்களாக மேசையில் வைத்து அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். எங்கே விளங்கவில்லை என்பது அப்போது வெளிச்சமாகும்.

பரிவுக்கு, அதாவது ஒரு பொருளின் சொந்த மீடிறனிலேயே (செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பது) தள்ளும்போது ஆட்டம் பெருகுவதற்கு, எல்லோரும் தேடிப் போடுவது 1940 நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவில் உடைந்த டகோமா பாலத்தின் படம். அதைப் போட வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. பாலத்தின் முறுக்கல் அசைவே காற்றிலிருந்து சக்தியை இழுத்துக்கொண்டு பெருகியது. வெளியிலிருந்து ஒரே மீடிறனில் வந்த தள்ளல் அல்ல அது. அதற்குப் பதிலாக, குறுக்கே இறுக்கிக் கட்டிய ஒரு கயிற்றில் இரும்பு நட்டுகளை நூலில் தொங்கவிடுங்கள். ஒன்றுக்கு 25 சென்ரிமீற்றர் நூல், அதன் அலைவுகாலம் ஒரு செக்கன். மற்றவற்றில் ஒன்றுக்கு மட்டும் அதே நீளம். முதலாவதை ஆட்டிவிட்டு, போனில் மெதுவோட்டத்தில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினால் சமநீள நூல்தான் கூட ஆடுவது அப்படியே தெரியும்.

இனிக் கருவி. அரைச்சுவர் வகுப்பறையில் பகலில் 3,000 லூமன் வெளிச்சம் தரும் மல்டிமீடியாவின் படமும் வெளிறும். படத்தின் அகலத்தை 3 மீற்றரிலிருந்து 1.5 ஆக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும், அதற்குத் திரைச்சீலை வாங்கவும் தேவையில்லை. கச்சான் காற்றுக் காலத்தில் கிரவல் தூசு வடிகட்டியை அடைத்துவிடும். இரண்டு கிழமைக்கொரு தடவை கழற்றித் தட்டாவிட்டால் சூடேறித் தானாக நின்றுவிடும். மின்குமிழ் வகை மல்டிமீடியாவில், அணைத்த பிறகும் விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. கரண்ட் போனாலும் இதே ஆபத்துத்தான். கரண்ட் போனாலும் சற்று நேரம் மின் கொடுக்கும் 650 விஏ யூபிஎஸ் ஒன்று பாடத்தைக் காப்பாற்றாவிட்டாலும் குமிழைக் காப்பாற்றும்.

சிக்னலை நம்பாமல், வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எம்பி4 ஆகப் பென்ட்ரைவில் கொண்டுபோங்கள். புதிதாக வாங்குகிற பாடசாலையில் வகுப்புக்கு 25 பிள்ளைகளுக்குள் என்றால் 55 அங்குலத் தொலைக்காட்சியே நல்லது. மாற்றக் குமிழும் இல்லை, கழற்ற வடிகட்டியும் இல்லை. கடைசி வாங்கு 6 மீற்றருக்கு அப்பால் போனால் மட்டும் எழுத்து வாசிக்க முடியாது. அந்த வகுப்புக்கு மல்டிமீடியாதான் வேண்டும்.