ராத்திரில நாயை பாம்பு கடிச்சா எங்க போறது? மன்னார்குடி பக்கம் நாங்க பட்ட பாடு

பொங்கலுக்கு லண்டன் ஈஸ்ட் ஹாம்லேருந்து குடும்பத்தோட ஊருக்கு போயிருந்தோம். பேங்க் வேலை, பட்டா வேலை, அம்மாவோட கண்ணு செக்கப் எல்லாம் நினைச்சதை விட சீக்கிரமாவே முடிஞ்சுது, அதைப்பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல. நான் எழுத உட்கார்ந்தது எங்க செவலைக்காக. வெளிநாட்டுல இருந்துகிட்டு ஊர்ல அப்பா அம்மாவுக்கு துணைக்கு நாய் வளர்க்க சொல்லியிருக்குறவங்க நெறைய பேர் இருப்பீங்க, உங்க ஊர்ல ராத்திரி ஒரு அவசரம்னா எங்க போகணும்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்கோங்க.

செவலை நாட்டு நாய். அப்பா தவறின வருஷம் குட்டியா வந்து சேர்ந்துச்சு, அம்மா தனியா இருக்குற வீட்டுக்கு அதுதான் காவல், அதுதான் பேச்சுத்துணை. எங்க வீட்டுக்கு பின்னாடி மாட்டுக்கொட்டகை, அதை தாண்டுனா வயல். சம்பா அறுவடை நேரம், வைக்கோல் போர்ல எலி ஓடும், எலி இருந்தா பாம்பு வரும், டெல்டாக்காரங்களுக்கு இது புதுசில்ல. ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்கோம், கொட்டகை பக்கம் குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல், நாய் ஒரு தடவை கத்துச்சு. டார்ச் அடிச்சு பார்த்தா கண்ணாடி விரியன், நல்ல தடிப்பு, என் சித்தப்பா பையன் தூரத்துலேருந்தே போட்டோ எடுத்துட்டான். செவலைக்கு மூக்குக்கு பக்கத்துல கடி. பார்த்துகிட்டு இருக்கும்போதே ஒரு பக்க முகம் வீங்க ஆரம்பிச்சுது, கடிவாய்லேருந்து ரத்தம் நிக்காம சொட்டுது.

மாட்டாஸ்பத்திரி பகல்லதான், அது ஊர்ல எல்லாருக்கும் தெரியும். 1962ன்னு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் இருக்கு, ஆனா அது முக்கியமா மாடு ஆடுக்காக நடத்துறது. அதனால பக்கத்து டவுன்ல "24 மணி நேர பெட் கிளினிக்"னு பெரிய போர்டு வச்சிருக்குற எடத்துக்கு நானே போன் பண்ணேன். விரியன் கடிச்சிருக்கு, டாக்டர் இருக்காங்களா, விஷமுறிவு மருந்து இருக்கான்னு தெளிவா கேட்டேன். "இருக்கு மேடம், எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. கழுத்துப்பட்டையை கழட்டிட்டு, நடக்க விடாம சாக்குல படுக்க வச்சு தூக்கிட்டு கார்ல ஏறினோம். அம்மாவும் வந்தாங்க, வேணாம்னு சொல்லியும் கேக்கல.

ரோடு நல்லாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் ஒரு மணி நேரம் ஆச்சு. அங்க போனா ஷட்டர் பாதி இறங்கியிருக்கு, உள்ள ஒரு பையன், இருபது வயசு கூட இருக்காது. டாக்டர் எங்கன்னு கேட்டா "சார் போன்ல இருப்பாரு மேடம்". போன்ல டாக்டர் பாம்பு போட்டோவை கூட பார்க்கல, டெக்ஸா (ஸ்டீராய்டு ஊசி) போடு, அவில் (அலர்ஜி ஊசி) போடு, ஒரு ஆன்டிபயாட்டிக் போடு, காலைல பத்து மணிக்கு கொண்டு வர சொல்லுன்னு பையன்கிட்ட சொல்லிட்டு வச்சுட்டாரு. விஷமுறிவு மருந்து எங்கன்னு கேட்டேன். பையன் ஃபிரிட்ஜை திறந்து பார்த்துட்டு, ஸ்டாக் தீர்ந்து ரொம்ப நாளாச்சு மேடம்னு சொல்றான். அவன் மேல எனக்கு கோவமில்ல, அவனும் பயந்துதான் போயிருந்தான், நாயோட தலையை தடவிகிட்டே இருந்தான். ஆனா அந்த மூணு ஊசிக்கு 3,200 ரூபா பில் போட்டாங்க, அதுல "எமர்ஜென்சி கன்சல்டேஷன்"னு ஒரு வரி.

விரியன் விஷத்தை டெக்ஸாவோ அவிலோ ஒண்ணும் பண்ணாது. அதுக்கு மருந்து ஏஎஸ்விங்கிற பாம்பு விஷமுறிவு ஊசி ஒண்ணுதான். நாய்க்குன்னு தனி மருந்து கிடையாது, மனுஷங்களுக்கு போடுற அதேதான், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலுக்கும் சேர்த்து குதிரை ரத்தத்துலேருந்து தயாரிக்கிறது. அதுக்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில, 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிக்கிறவங்க கூட்டுறவு சங்கம் எடுத்து குடுத்துகிட்டு இருக்கு. இந்தியா முழுக்க போற மருந்துக்கு நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க எடுக்குற விஷம், அதே தமிழ்நாட்டுல நெல்லு வயலுக்கு நடுவுல இருக்குற ஒரு கிளினிக்ல ஒரு குப்பி இல்ல. அரசு ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு இலவசமா வச்சிருக்காங்க, அதை நாய்க்கு கேக்கவும் முடியாது, கேக்கவும் கூடாது, நாளைக்கே வயல்ல ஒருத்தருக்கு தேவைப்படும்.

மெடிக்கல் ஷாப் ஒண்ணுல இருக்குன்னு சித்தப்பா பையன் அலைஞ்சு கண்டுபிடிச்சான், டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேன்னுட்டாங்க, அது நியாயம்தான். கிளினிக் டாக்டருக்கு மறுபடி மறுபடி போன் போட்டோம், எடுக்கல. வாட்ஸ்அப்ல ஒரு சீட்டு எழுதி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? கடைசில அம்மாவோட பழக்கத்துல இன்னொரு ஒன்றியத்துல வேலை பாக்குற அரசு மாட்டு டாக்டர் ஒருத்தர், டூட்டியே இல்ல, தூக்கத்துலேருந்து எழுந்து சீட்டு அனுப்பிட்டு அவரே பைக்ல வந்துட்டாரு. வந்ததும் கொஞ்சம் ரத்தம் எடுத்து கண்ணாடி டியூப்ல ஊத்தி ஆட்டாம இருபது நிமிஷம் வச்சு சாய்ச்சு பார்த்தாரு, தண்ணி மாதிரி ஓடுச்சு, உறையவே இல்ல, விஷம் ரத்தத்துல ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஒரு கண்ணாடி டியூப் போதும் இந்த டெஸ்டுக்கு. அந்த 24 மணி நேர கிளினிக்ல இதை கூட செய்யல.

கடைல இருந்தது நாலு குப்பி. நாய் சின்ன உடம்புதானே, கொஞ்சம் போதும்னு நான் நினைச்சேன், டாக்டர் சொன்னாரு, "அம்மா, மருந்து உடம்பு எடைக்கு இல்ல, உள்ள போன விஷத்துக்கு"ன்னு. அலர்ஜி வந்தா போட அட்ரினலினையும் பக்கத்துலயே வச்சுகிட்டு ட்ரிப்புல மெதுவா ஏத்துனாரு. விடியுறப்ப ரத்தம் நின்னுச்சு, தலையை தூக்கி அம்மாவை பார்த்துச்சு, நாங்க எல்லாரும் பொழைச்சுக்கும்னுதான் நினைச்சோம். ஆனா ஒண்ணுக்கு செவப்பா போக ஆரம்பிச்சு, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. விரியன் விஷம் கிட்னியை அடிச்சிடும், மருந்து லேட்டானா இந்த ஆபத்து கூடிகிட்டே போகும். செவலை போயிடுச்சு.

அந்த அரசு டாக்டர் மருந்து காசை தவிர ஒரு ரூபா வாங்கல. அம்மா கட்டாயப்படுத்தி குடுத்ததை கூட "வாயில்லா ஜீவன்மா"ன்னு திருப்பி குடுத்துட்டாரு.

இங்கிலாந்துல எல்லாம் சூப்பர்னு சொல்ல வரல. அங்க ராத்திரி நாயை தூக்கிட்டு போனா பார்க்குறதுக்கே 200 பவுண்டுக்கு மேல கேப்பாங்க, இன்சூரன்ஸ் இல்லாதவங்க பாடு திண்டாட்டம்தான். ஆனா கிளினிக் நடத்துற கால்நடை டாக்டர்ங்க 24 மணி நேரமும் அவசர முதலுதவிக்கும் வலி குறைக்குறதுக்கும் ஏற்பாடு பண்ணியே ஆகணும்னு அவங்க தொழில் விதியிலயே இருக்கு, தன்னால முடியலைன்னா யார்கிட்ட போகணும்னு போன்லயே சொல்லிடுவாங்க. அந்த போன்ல சொல்ற உண்மைதான் எனக்கு வேணும். "டாக்டர் இல்ல, மருந்தும் இல்ல, வேற எடம் பாருங்க"ன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க அந்த ஒரு மணி நேரத்தை ரோட்டுல விட்டிருக்க மாட்டோம், நேரா மருந்தை தேடி போயிருப்போம். வசதி இல்லாதது குத்தமில்ல, சின்ன ஊரு, ராத்திரி டாக்டரை வச்சு சம்பளம் குடுக்குறது கஷ்டம், எல்லாம் புரியுது. இல்லாததை இருக்குன்னு சொல்லி வரவழைச்சு பில் போட்டதைத்தான் என்னால தாங்க முடியல.

கிளம்புறதுக்கு முன்னாடி நேர்ல போய் அந்த கிளினிக் டாக்டரை பார்த்தேன். சண்டைக்கு போகல. போர்டுல அந்த 24 மணி நேரத்தை அழிச்சிடுங்க, இல்ல ரெண்டு குப்பி மருந்தாவது வாங்கி வைங்கன்னு கேட்டேன். எக்ஸ்பைரி ஆகி வீணாப் போகும் மேடம், யாரும் அவ்வளவு காசு குடுத்து நாய்க்கு போட மாட்டாங்கன்னாரு. நான் குடுத்திருப்பேன் சார், என்கிட்ட கேக்கவே இல்லையேன்னு சொன்னேன். பதில் இல்ல. போர்டு இன்னும் அப்படியேதான் இருக்குன்னு சித்தப்பா பையன் சொல்றான்.

நீங்க போன் பண்ணும்போது "டாக்டர் இருக்காரா"ன்னு மட்டும் கேக்காதீங்க, டாக்டர்கிட்டயே போனை குடுக்க சொல்லுங்க, மருந்து குப்பியை போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, ராத்திரி முழுக்க ட்ரிப்போட வச்சு பார்ப்பீங்களான்னு கேளுங்க. தயங்குனா வேற எடம் பாருங்க. கடிச்ச எடத்தை கீறுறது, கயிறு கட்டுறது, ஐஸ் வைக்கிறது எதுவும் வேணாம், அசையாம தூக்கிட்டு போனா போதும்.

அம்மா இப்ப பக்கத்து தெருவுலேருந்து ஒரு குட்டி வாங்கி வச்சிருக்காங்க. மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை சுத்துவட்டாரத்துல ராத்திரி நிஜமாவே டாக்டர் உட்கார்ந்திருக்குற, ஏஎஸ்வி வச்சிருக்குற எடம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, அம்மா போன்ல நம்பரை போட்டு வைக்கணும்.